இந்தக் கூண்டுக்கு யார் கூலி கொடுத்தது?

2016ல் அமேசானுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. அதிலுள்ள படத்தைப் பார்த்தால் முதலில் ஒன்றும் பிடிபடாது. ஆள் உயரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு, அதைச் சுமக்க அடியில் சக்கரம் வைத்த ஒரு ரோபோ வண்டி. உள்ளே அடைக்கப்போவது ரோபோவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, கிடங்கில் வேலை பார்க்கிற தொழிலாளி நிற்க வேண்டிய இடம் அது.

இதற்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2012ல் அமேசான் 77.5 கோடி டாலருக்குக் கீவா என்ற ரோபோ நிறுவனத்தை வாங்கிய பிறகு அதன் பல கிடங்குகளில் வேலை நடக்கும் விதமே மாறிப்போனது. பொருளைத் தேடி ஆள் அலமாரிக்குப் போன காலம் போய், ரோபோ அலமாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆளைத் தேடி வர ஆரம்பித்தது. ரோபோக்கள் ஓடுகிற அந்தத் தரையில் மனிதன் கால் வைத்தால் அடிபடுவான். ஆனால் ஒரு பெட்டி கீழே விழுந்து கிடந்தாலோ ஒரு ரோபோ நடுவழியில் நின்றுபோனாலோ யாராவது உள்ளே போய்த்தானே ஆக வேண்டும்? சரி, ஆளைக் கூண்டுக்குள் நிறுத்தி ரோபோவையே இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான். 2018ல் விஷயம் வெளியே வந்து ஊரே சிரித்தபோது, அமேசானின் அப்போதைய மூத்த நிர்வாகி டேவ் கிளார்க், மோசமான யோசனைகளுக்கும் சில சமயம் காப்புரிமை கேட்டுவிடுவது உண்டு, இதை நாங்கள் பயன்படுத்தியதும் இல்லை, பயன்படுத்தும் எண்ணமும் இல்லை என்கிற மாதிரி ட்விட்டரில் பதில் எழுதினார். கூண்டுக்குப் பதிலாகத் தொழிலாளிக்கு ஒரு அங்கி வந்தது, அதைப் போட்டிருப்பவரை ரோபோக்கள் தூரத்திலேயே உணர்ந்து ஒதுங்கிக்கொள்ளும்.

அமேசான் செய்யாமல் விட்ட கூண்டை அப்புறம் ஒரு கலைஞர் நிஜமாகவே செய்தார். அவரிடம் வருவதற்கு முன்னால், கோப்புகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் படத்தை எழுப்பியவர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேட் கிராஃபோர்ட், இன்னொருவர் செர்பியாவைச் சேர்ந்த விளாடன் யோலர். இருவரும் 2018ல் ஒரு பெரிய வரைபடத்தையும் நீண்ட கட்டுரையையும் வெளியிட்டார்கள், கூண்டுப் படம் வெளிச்சத்துக்கு வந்தது அந்தக் கட்டுரையில்தான். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பின் உடற்கூறு' என்று வரும். எடுத்துக்கொண்ட பொருள் அமேசான் எக்கோ, அதாவது வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு 'அலெக்சா' என்று கூப்பிட்டால் பதில் சொல்கிற அந்த உருளை. அதன் உள்ளே இருப்பது எதுவும் எங்கிருந்து வருகிறது, யார் கைப்பட்டு வருகிறது, பழுதானால் எந்தக் குப்பைமேட்டுக்குப் போகிறது என்பதை ஒரு சுவரை அடைக்கிற அளவுக்குக் கறுப்புப் பின்னணியில் கோடு கோடாக வரைந்தார்கள். ஆரம்பம் பொலிவியாவின் ஊயூனி உப்புப் பாலைவனம், அங்கேதான் பேட்டரிக்கான லித்தியம் கொட்டிக் கிடக்கிறது. கட்டுரையில் ஒரு கணக்கு வரும்: காங்கோ சுரங்கத்தில் வேலை செய்கிற ஒரு குழந்தை, ஜெஃப் பெசோஸ் ஒரே நாளில் சம்பாதிப்பதைச் சம்பாதிக்க வேண்டுமானால் இடைவிடாமல் 7 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். வரைபடம் இப்போது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இது கலையா, ஆய்வா, வடிவமைப்பா என்று நிறையப் பேர் கேட்டார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன், அந்த வரைபடத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படிக்கவும் முடியாது. முன்னால் நின்று மலைத்துப்போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்கிறோம். அந்தப் போட்டோவை எடுக்கிற போனும் அதே சுரங்கங்களில் இருந்து வந்ததுதான்.

இப்போது கூண்டுக்கு வருவோம். சைமன் டென்னி நியூசிலாந்தில் பிறந்தவர், பெர்லினில் இருப்பவர். தொழில்நுட்ப நிறுவனங்களின் விளம்பரத் தாள், காப்புரிமைப் படம், மாநாட்டு மேடை அலங்காரம், இப்படி அவர்களே உருவாக்கிய சாமான்களை எடுத்து அப்படியே சிற்பமாக்குவது அவர் பாணி. இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நடக்கும் பன்னாட்டுக் கலைவிழாவான வெனிஸ் பினாலேயில் 2015ல் நியூசிலாந்தின் சார்பில் அவர் வைத்த கண்காட்சிக்கு மூலப்பொருள், எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த அமெரிக்க உளவு அமைப்பின் ஸ்லைடுகள். அந்த ஸ்லைடுகளின் மந்திரவாதி, கழுகு ரகப் படங்களைப் பார்த்தால் உளவுத்துறைக்கும் கணினி விளையாட்டு நிறுவனத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

2019ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட் நகரத்திலுள்ள மோனா அருங்காட்சியகத்தில் அவர் வைத்த கண்காட்சிக்கு 'மைன்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்குச் சுரங்கம் என்றும் பொருள், என்னுடையது என்றும் பொருள். நடுநாயகமாக அந்தக் கூண்டு, காப்புரிமைப் படத்தில் உள்ளபடியே ஆள் உயரத்துக்குச் செய்தது. கண்ணால் பார்த்தால் காலி. கையில் கொடுக்கும் கருவியின் திரை வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பழுப்புக் குருவி தெரியும். டாஸ்மேனியாவுக்கு வடமேற்கே உள்ள கிங் தீவில் மட்டும் வாழ்கிற, ஆஸ்திரேலியாவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளில் முன்வரிசையில் இருக்கிற ஒரு குருவி. நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு கசிகிறதா என்று பார்க்கக் கேனரிப் பறவையைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டுபோவார்கள், பறவை மயங்கினால் ஆட்கள் மேலே ஓடிவந்துவிட வேண்டும். பிரிட்டனில் 1986 வரைகூட இது நடந்தது. டென்னி அந்தப் பழைய கூண்டையும் இந்தப் புதிய கூண்டையும் ஒன்றாக்கிவிட்டார். தொழிலாளி நிற்க வேண்டிய இடத்தில் பறவை, அந்தப் பறவையும் வெறும் தரவு.

கூண்டைச் சுற்றி நிலத்தைக் குடைகிற இயந்திரங்களின் அட்டை மாதிரிகள், தரை முழுக்க ஒரு பலகை விளையாட்டு. 1962ல் இருந்து ஆஸ்திரேலிய வீடுகளில் ஆடிவரும் 'ஸ்க்வாட்டர்' என்ற விளையாட்டை அவர் உல்டா செய்திருந்தார். பழையதில் ஆட்டுப்பண்ணை வைத்து ஆடு வளர்க்க வேண்டும், இவருடைய 'எக்ஸ்ட்ராக்டர்' விளையாட்டில் மக்களின் தரவைக் கறந்து உலகத்தின் பெரிய நிறுவனமாக வளர வேண்டும். கண்காட்சிக்கான கையேடே அந்த விளையாட்டுப் பெட்டிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தக் கண்காட்சிக் குறிப்பிலும் கிடைக்கும். என்னை உட்கார வைத்து யோசிக்கவிட்டது கண்காட்சி நடந்த கட்டடம்.

மோனாவைக் கட்டியவர் டேவிட் வால்ஷ். ஹோபார்ட்டிலேயே ஏழ்மையில் வளர்ந்தவர், கணக்கில் புலி. பணம் சம்பாதித்தது சூதாட்டத்தில், ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுகிற சூதாட்டம் இல்லை. குதிரைப் பந்தயம் போன்றவற்றின் தகவல்களைக் கணினியில் ஏற்றி, எங்கே வாய்ப்பு சரியாக மதிப்பிடப்படவில்லை என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, கூட்டாளிகளோடு சேர்ந்து பெரிய அளவில் பந்தயம் கட்டுவது. தரவுச் சுரங்கம் என்ற சொல் இவ்வளவு பிரபலமாவதற்கு முன்பே அதை வெட்டி எடுத்தவர் என்று சொல்லலாம். அந்தக் காசில், மணற்பாறையைக் குடைந்து தரைக்கு அடியில் கட்டி 2011ல் திறந்தது இந்த அருங்காட்சியகம். ஆக, சுரங்கத்தைப் பற்றிய கண்காட்சி ஒரு சுரங்கத்துக்குள்ளேயே நடந்தது. இன்னொன்று, மோனாவில் சுவரில் பெயர்ப்பலகை கிடையாது. அப்போது பார்வையாளர் கையில் 'ஓ' என்றொரு கருவியைக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும், பிடித்திருக்கிறதா வெறுக்கிறீர்களா என்று கேட்கும், நீங்கள் சுற்றிய பாதையையும் சேமித்துவைக்கும். குருவியைப் பார்க்கவும் அதே கருவிதான். தரவு எப்படி உறிஞ்சப்படுகிறது என்று காட்டுகிற கண்காட்சியைப் பார்க்கத் தரவைக் கொடுத்துக்கொண்டேதான் நடக்க வேண்டும்.

இதைக் கபட நாடகம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம், ஒதுக்கியவர்களும் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. முதலாளித்துவத்தைத் திட்டுகிற கலைக்குக் காசு கொடுப்பது எப்போதும் ஏதோ ஒரு முதலாளிதான், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்த வகைப் படைப்புகளைப் பார்க்கும்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: தன்னைச் செய்ய ஆன கூலியையும் காசையும் அந்தப் படைப்பு வெளியே எடுத்து வைக்கிறதா, பாய்க்கு அடியில் தள்ளிவிடுகிறதா. டென்னியின் கூண்டு வெளியே எடுத்து வைக்கிறது, பாதியாவது.

முழுதாக எடுத்து வைத்தது என்றால் ஆடுகள்தான்.

1770ல் வியன்னா அரசவையில் வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலென் என்பவர் சதுரங்கம் ஆடும் ஒரு இயந்திரத்தைக் காட்டினார். துருக்கிய உடை போட்ட பொம்மை, முன்னால் பெட்டி, பெட்டிக்குள் பல்சக்கரங்கள். பல பத்தாண்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஏமாற்றிய அந்தப் பெட்டிக்குள் ஒரு நல்ல சதுரங்க ஆட்டக்காரர் குறுகி உட்கார்ந்திருந்தார். 2005ல் அமேசான் ஒரு இணையச் சேவை தொடங்கி அதற்கு அந்தப் பொம்மையின் பெயரையே வைத்தது: மெக்கானிக்கல் டர்க். கணினியால் செய்ய முடியாத துண்டு துண்டு வேலைகளை, படத்தில் இருப்பது நாயா பூனையா, இந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பது போன்றவற்றை, உலகத்தில் எங்கோ வீட்டில் உட்கார்ந்திருப்பவர் சில காசுக்குச் செய்து கொடுப்பார், வேலை கொடுத்தவருக்கு இயந்திரம் செய்த மாதிரியே இருக்கும். அவர்கள் அதை விளம்பரப்படுத்தியதே 'செயற்கையான செயற்கை நுண்ணறிவு' என்றுதான். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது, கூச்சம் இல்லை.

ஆரன் கோப்லின் என்ற அமெரிக்கக் கலைஞர் 2006ல் இந்தச் சேவையில் ஒரு வேலை போட்டார். இடப்பக்கம் பார்க்கிற ஒரு ஆட்டை வரையுங்கள், கூலி 2 சென்ட். அவ்வளவுதான், எதற்கு என்று சொல்லவில்லை. 40 நாளில் 10,000 ஆடுகள் சேர்ந்தன. ஒரு ஆட்டுக்குச் சராசரியாக 105 விநாடி, கணக்குப் போட்டால் மணிக்கு 69 சென்ட் கூலி. ஆடு மாதிரி இல்லை என்று 662 படங்கள் தள்ளுபடி. எல்லாவற்றையும் ஒரே திரையில் பரப்பி வைத்தார், ஒரு ஆட்டைத் தொட்டால் அதை வரைந்த கை எங்கே தயங்கியது, எங்கே வேகம் எடுத்தது என்று கோடு கோடாக மறுபடி ஓடும். சிலர் இரண்டே வட்டத்தில் முடித்திருக்கிறார்கள், சிலர் 2 சென்டுக்கு ஒவ்வொரு ரோமச் சுருளையும் வரைந்திருக்கிறார்கள். யாரும் அப்படிக் கேட்கவே இல்லை, காசும் கூடப்போவதில்லை, ஆனாலும் வரைந்திருக்கிறார்கள். நான் இதை முதலில் பார்த்தபோது ரொம்ப நேரம் அந்த ரோமச் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கோப்லின் அந்த ஆடுகளை அஞ்சல்தலை மாதிரி அச்சடித்து 20 ஆடு 20 டாலர் என்று விற்றார். 2 சென்டுக்கு வாங்கிய ஆடு ஒரு டாலருக்கு, 50 மடங்கு. வரைந்தவர்கள் காதுக்கு விஷயம் எட்டியதும் நம் ஆடுகளை விற்கிறான் என்று அவர்களுக்குள் ஒரே கொதிப்பு. அந்தக் கொதிப்பும் படைப்பில் சேர்த்திதான் என்பது என் கருத்து. அவர் விற்காமல் அழகாகக் காட்சிக்கு மட்டும் வைத்திருந்தால் நாம் 'ஐயோ பாவம் தொழிலாளர்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். கோப்லின் பிறகு கூகுளில் வேலைக்குச் சேர்ந்து தரவுக் கலைப் பிரிவை நடத்தினார் என்பது இதன் பின்குறிப்பு.

அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அந்தச் சேவையில் அதிகம் பேர் வேலை பார்ப்பது இந்தியாவில் இருந்து. இன்று அந்த வேலை நிறுவனமாகவே வளர்ந்து சேலம், கோவைப் பக்கம் வரை வந்துவிட்டது. தானாக ஓடும் காருக்குச் சாலையைக் கற்றுக்கொடுக்க, படத்தில் உள்ள ஒவ்வொரு மனிதரையும் மாட்டையும் சுற்றிக் கட்டம் கட்டிப் பெயர் போடுகிறார்கள்.

கூலிக் கணக்கை இன்னும் கறாராகக் காட்டியவர் சீனாவின் லி லியாவோ. 2012ல் அவர் ஷென்ஷென் நகரத்தின் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஆப்பிளுக்குப் பொருள் செய்கிற, 2010ல் அடுத்தடுத்துத் தற்கொலைகள் நடந்து மாடிகளுக்குக் கீழே வலை கட்டிய அதே நிறுவனம். லி லியாவோவுக்கு ஐபேடின் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை. 45 நாள் வேலை செய்து, சம்பளத்தை வாங்கி, அதில் ஒரு ஐபேட் மினி வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். காட்சிக்கு வைத்தது நான்கைந்து பொருள்தான்: ஐபேட், தொழிற்சாலைச் சீருடை, அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம். 'நுகர்வு' என்று பெயர். விளக்கமே தேவையில்லை. தான் செய்கிற பொருளைத் தானே வாங்க 45 நாள், அதுவும் வேறு எதற்கும் செலவழிக்காமல் இருந்தால்.

அதற்கு முன்பே, 2006ல், சாவ் ஃபெய் என்ற சீனக் கலைஞர் ஃபோஷானில் உள்ள ஓஸ்ராம் பல்பு தொழிற்சாலைக்குள் போய்ச் சுமார் 20 நிமிட வீடியோ எடுத்தார். முதலில் இயந்திரங்கள் பல்பு செய்வதை அலுக்காமல் காட்டுவார். பிறகு தொழிலாளர்கள் தாங்கள் கனவு கண்ட ஆட்களாக வருவார்கள். அலமாரிகளுக்கு நடுவே ஒரு பெண் பாலே உடையில் மெல்ல ஆடுவாள், பக்கத்தில் மற்றவர்கள் வேலையை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் படைப்புக்கு ஏற்பாடு செய்தது சீமென்ஸ் நிறுவனத்தின் கலைத் திட்டம், ஓஸ்ராம் அப்போது சீமென்ஸுக்குச் சொந்தம். மறுபடியும் பாருங்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று.

ஸ்ரீபெரும்புதூர் வாசகருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. 2006ல் நோக்கியா வந்தது, 2014ல் மூடியது, ஃபாக்ஸ்கானும் ஒருமுறை மூடிவிட்டுத் திரும்பி வந்து இப்போது ஐபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறி நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, அவர்கள் இரவில் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தையே நிறுத்தியது நினைவிருக்கும். அங்கே ஒரு லி லியாவோ 45 நாள் வேலை பார்த்தால் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கணக்கைப் பாய்க்கு அடியில் தள்ளிய பக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும் அல்லவா, 2021 அதற்கென்றே வந்த ஆண்டு. பீப்பிள் என்ற புனைபெயர் கொண்ட மைக் விங்கல்மன் 2007 மே 1ல் இருந்து தினமும் ஒன்றாகச் செய்த 5,000 படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 100 டாலரில் ஏலத்தைத் தொடங்க, மார்ச் 11ம் தேதி 6.93 கோடி டாலருக்குப் போனது. கையில் கிடைப்பது ஒரு கோப்பும், இது இன்னாருடையது என்று பிளாக்செயின் எனும் பொது இணையப் பதிவேட்டில் ஒரு பதிவும், அதாவது என்.எஃப்.டி. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற பெயரில் இயங்கிய விக்னேஷ் சுந்தரேசன், சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குப் போனவர். மேற்கத்தியப் பணக்காரர்கள் மட்டுமே கலைப் புரவலர் ஆக முடியும் என்ற நிலையை உடைத்து, இந்தியர்களும் வெள்ளையர் அல்லாத மற்றவர்களும் ஆகலாம் என்று காட்டவே வாங்கினேன் என்றார். அந்தப் பெருமிதத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர் ஏற்கெனவே பீப்பிளின் 20 படைப்புகளை வாங்கி, அவற்றைப் பங்கு மாதிரி பி20 டோக்கனாகப் பிரித்து விற்றிருந்தார், அதில் 2 சதவீதம் பீப்பிளிடமே இருந்தது. ஏலப் பரபரப்பில் டோக்கன் விலை விர்ரென்று ஏறி, பிறகு அதே வேகத்தில் விழுந்தது. பீப்பிள் ஏலத்தில் தன் பங்குக்குக் கிடைத்த ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை உடனடியாக டாலராக மாற்றிக்கொண்டார். அந்த ஒரு செயல் அந்த 5,000 படங்களைவிட எனக்கு அதிகம் விளக்கியது.

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் இதையே விளையாட்டாக்கினார். 10,000 புள்ளி ஓவியங்கள், ஒன்று 2,000 டாலர், பெயர் 'நாணயம்'. ஒரு வருடத்துக்குள் வாங்கியவர் முடிவு செய்ய வேண்டும்: காகிதமா, டிஜிட்டல் பதிவா. 5,149 பேர் காகிதம், 4,851 பேர் பதிவு. பதிவைத் தேர்ந்தவர்களின் காகித ஓவியங்களை 2022 அக்டோபரில் லண்டனில் உள்ள தன் கூடத்தில் எரிக்க ஆரம்பித்தார். அருமையான யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். 2024ல் கார்டியன் நாளிதழ் ஒரு செய்தி போட்டது: 2016 என்று தேதியிட்ட அந்த ஓவியங்களில் குறைந்தது 1,000, சில ஆண்டுகள் கழித்து அவருடைய நிறுவனத்தில் கூலிக்கு வைத்த ஓவியர்கள் வரிசையாகச் செய்தவை. எரிந்தது யாருடைய உழைப்பு என்ற கேள்வியை அந்தப் படைப்பு கடைசி வரை கேட்கவே இல்லை. ஆட்டுக்கு இருந்த மரியாதை அந்தப் புள்ளிகளுக்கு இல்லை.

எனக்குப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஜெர்மனியின் சைமன் வெக்கெர்ட், சின்னப் பிள்ளைகள் இழுக்கிற மாதிரி ஒரு சிவப்பு வண்டியில் 99 பழைய ஸ்மார்ட்போன்களைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கூகுள் மேப்ஸைத் திறந்துவைத்து, பெர்லினில் காலியான தெருக்களில் மெதுவாக நடந்தார். கூகுள் அலுவலகத்து வாசலிலும் நடந்தார். 99 போன் ஊர்ந்துபோவதைப் பார்த்த கூகுளின் கணக்கு அது ஒரு பெரிய வாகன நெரிசல் என்று முடிவு செய்து, பச்சையாக இருந்த தெருவைச் சிவப்பாக்கி, வரப்போகும் கார்களை வேறு பாதையில் திருப்பிவிட்டது. 2020 பிப்ரவரியில் வீடியோ வெளியானபோது உலகமே சிரித்தது. இதில் கூலியாள் அவரேதான், இழுவண்டியும் அவருடையதே. போனைக் கையில் வைத்திருக்கிற நாம் ஒவ்வொருவரும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறோம் என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

கூகுளும் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னது. இந்தியா, இந்தோனேசியா, எகிப்து உள்ளிட்ட நாடுகளில் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறிய எங்களுக்கு வந்துவிட்டது, கைவண்டியை அறிகிற வித்தைதான் இன்னும் கைகூடவில்லை என்று. சென்னையில் மீன்பாடி வண்டியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதில் 99 என்ன, ஒரு கடையையே ஏற்றலாம்.